நடுநிலை வகித்தவனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எனக்கும் உன் அத்தானுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் உன் மனைவியும் பையனும் ஆண்டவன் அருளால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நல்ல செய்தி இவ்வளவுதான். மீதியை உட்கார்ந்து படி.

நீ மாணவர்களுக்காக எழுதிய அரசியல் பாடப்புத்தகம் வந்து சேர்ந்தது. காலைப் பிரார்த்தனை முடிந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக முழுவதும் படித்துவிட்டேன். புரியாத சொற்களை அகராதியில் பார்த்து ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டேன். "என்ன, தேர்தல்ல நிக்கப் போறியா?" என்று உன் அத்தானுக்குச் சிரிப்பு. முதல் அத்தியாயத்தில் ஒரு வட்டம் போட்டு, அரசு, சட்டம், கட்சி, தேர்தல் எல்லாவற்றையும் அதற்குள் வைத்திருக்கிறாய். குடும்பத்தையும் பக்தியையும் வெளியே நிறுத்தி, இவை அரசியலின் எல்லைக்குள் வராதவை என்று எழுதியிருக்கிறாய். அழகான நடை. படிக்கிற பிள்ளைகள் அப்படியே மனப்பாடம் செய்வார்கள். அந்த வட்டத்தைப் பற்றி உன்னிடம் கொஞ்சம் பேச வேண்டும்.

அப்பாவை முதியோர் இல்லத்துக்கு அனுப்ப ஓட்டெடுத்த அன்று நீ தொலைபேசியில் இருந்தாய். குரல்கள் உனக்குக் கேட்டிருக்கும், முகங்கள் தெரிந்திருக்காது. அதனால் எழுதுகிறேன்.

பணிமனையில் சங்கச் செயலாளராக இருந்த பழக்கத்தில் அப்பா நம் வீட்டையும் கை தூக்க வைத்தே நடத்தியவர். சுவருக்கு என்ன நிறம் என்பதிலிருந்து என் கல்யாணம் வரைக்கும் ஓட்டுதான். தலைவர் எப்போதும் அவர். தலைவருக்கு ஓட்டு கிடையாது. இரண்டு பக்கமும் சமமாக வந்தால் மட்டும் அவர் ஒரு பக்கம் சேரலாம். அன்று அண்ணன் எழுந்து நின்று, "சும்மா பேசி முடிக்க வேணாம்ப்பா, முறைப்படி தீர்மானமாவே கொண்டு வர்றேன்" என்றார். அந்த நிமிஷம் அப்பாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பெரிய மகன் முறையை மறக்கவில்லை என்று அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். தீர்மானம் என்னவென்று அதற்கப்புறம்தான் கேட்டார்.

தங்கை சின்னவள் வழிமொழிந்தாள். அவளும் அண்ணனும் கை தூக்கினார்கள். எதிர்த்து நான் ஒருத்தி. சாப்பாட்டு மேசையில் தண்ணீர்க் குடுவையில் சாய்த்து வைத்திருந்த போனைப் பார்த்து அப்பா, "உன் கை எந்தப் பக்கம்ப்பா?" என்று கேட்டார். நீ சொன்னாய்: "குடும்பத்துக்குள்ள அரசியல் வேணாம்ப்பா. நான் நடுநிலை." வகுப்புக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டாய்.

என் பக்கம் நீ சேர்ந்திருந்தால் சமமாக வந்திருக்கும். அப்பாவுக்கும் ஒரு கை கிடைத்திருக்கும். நீ வைத்த பிறகு அவர் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். பெரிய கூட்டத்தில் பேசுகிற குரலில், "தீர்மானம் நிறைவேறியது" என்று அறிவித்தார். நம் வீட்டில் தீர்மானம் நிறைவேறினால் கை தட்டுவோமே, அந்தப் பழக்கத்தில் சின்னவள் தட்டிவிட்டாள். பிறகு அவளே பயந்துபோய்க் கைகளைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள். அப்பா அவளைத் திட்டவில்லை. "சரியாத்தான் தட்டினே" என்றார்.

உன் அத்தானிடம், அப்பாவை இங்கே கூட்டி வந்துவிடலாமா என்று கேட்டேன். "உங்கப்பா வந்தா என்னையும் கை தூக்கச் சொல்வாரு. இந்த வீட்ல அதெல்லாம் கெடையாது" என்றார். அது உண்மை. இந்த வீட்டில் எனக்கு இருப்பது சாவிக்கொத்து மட்டும். ஓட்டுக் கிடையாது. கணவன் காலில் விழுந்து கேட்பது உன் வட்டத்துக்கு உள்ளேயா வெளியேயா என்று அடுத்த பதிப்பில் எழுது.

இல்லத்தைப் பற்றி அண்ணன் உனக்கு நல்லபடியாகத்தான் எழுதியிருப்பார். சுத்தமான இடம், நானும் மறுக்கவில்லை. தரையில் பினாயில் வாசனை, சுவரோடு வரிசையாகக் கட்டில்கள். ஜன்னல்களை மட்டும் எப்போதும் சாத்தியே வைக்கிறார்கள். அப்பா போன புதிதில், ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும் என்று அந்த அறையில் இருப்பவர்களைக் கூட்டி ஓட்டெடுக்கப் பார்த்தார். மேற்பார்வையாளர் அம்மா வாசலில் வந்து நின்று, "யாருக்கெல்லாம் தொறக்கணும்? கை தூக்குங்க, பேரு எழுதிக்கறேன்" என்றாளாம். ஒருவர் மட்டும் தூக்கினார். அவர் யார் எதைக் கேட்டாலும் தூக்குகிறவர். சாப்பிட்டாயா என்றாலும் தூக்குவார். மறுநாள் அப்பாவின் கட்டிலைக் கழிப்பறைக் கதவு பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஜன்னல் வேண்டும் என்று அவரிடம் தனியாகப் புலம்பியவர்களே, "மந்திரி, இன்னிக்குச் சபை கூடுமா?" என்று கேலி செய்கிறார்கள். எதிர்ப்பேச்சுக்குப் பேர்போன நம் அப்பா இப்போது எதற்கும் பதில் சொல்வதில்லை. போன தடவை நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, "பாத்ரூம் போய்ட்டு வரட்டுமாம்மா?" என்று என்னிடம் அனுமதி கேட்டார். பெற்ற மகளிடம்.

அண்ணனிடம் போய் அழுதேன். "நான் என்னம்மா பண்றது? தோத்தவங்க அதே விஷயத்தைத் திரும்பக் கிளப்பக் கூடாதுன்னு அப்பாதானே விதி போட்டாரு" என்றார். ஆரஞ்சுப் பழம் வாங்கிக் கொடுத்துவிட்டார், அப்பாவுக்கு. வீட்டில் அப்பா இருந்த அறையில் இப்போது நின்ற இடத்திலேயே ஓடுகிற இயந்திரம் இருக்கிறது. அண்ணன் பேசும்போதும் அதன்மேல் ஓடிக்கொண்டுதான் இருந்தார்.

விதி அப்படித்தான். நான் தோற்றவள், கிளப்ப முடியாது. ஜெயித்தவர்கள் கிளப்ப மாட்டார்கள். தோற்கவும் இல்லாமல் ஜெயிக்கவும் இல்லாமல் இந்தக் குடும்பத்தில் இருப்பது நீ ஒருவன். "அப்பாவை வீட்டுக்கு அழைத்து வர வேண்டும்" என்று நீ ஒரு வரி அண்ணனுக்கு எழுதினால் அவர் கூட்டத்தைக் கூட்டியே தீர வேண்டும். நீயும் நானும் ஒரு பக்கம், அவர்கள் இருவரும் மறுபக்கம். தலைவர் பதவியிலிருந்து அப்பாவை யாரும் இறக்கவில்லை. அது அவர்களுக்கு ஞாபகம் வரவில்லை.

அரசியல் என்பது பேராசிரியர்கள் வட்டம் போட்டு மூடுகிற பொருளாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு மனிதன் எங்கே தூங்க வேண்டும் என்பதை அவனைக் கேட்காமல் மற்றவர்கள் முடிவு செய்வது எங்கெல்லாம் நடக்கிறதோ அங்கெல்லாம் அது இருக்கிறது. நீ வெளியே நிற்பதாக நினைத்துக்கொண்டாய். அங்கே நின்றபடிதான் அப்பாவை அனுப்பினாய்.

இன்னொன்றும் செய்திருக்கிறேன். நீ தீர்மானம் எழுதி அனுப்பிவிட்டதாகப் போன வாரம் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். தெரிந்தே சொன்ன பொய். இதற்காக ஆண்டவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். அப்பா முதலில் நம்பவில்லை. "அவனா? அவனேவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு சவரம் செய்ய ஆளைக் கூப்பிடச் சொன்னார். இப்போது தினமும் காலையில் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு இல்லத்து வாசல் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடுகிறாராம். சாப்பிட மட்டும் உள்ளே போகிறார். மேற்பார்வையாளர் அம்மா போன் செய்து, "உங்க தம்பி எப்பங்க வருவாரு? பெரியவர் எங்களைப் போட்டு உயிரெடுக்கறாரு" என்கிறாள். சீக்கிரம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ எழுதினால் நான் சொன்னது உண்மையாகிவிடும். எழுத மனமில்லை என்றால் அதை அந்த பெஞ்சுக்கு வந்து நீயே அவரிடம் சொல்லிவிட்டுப் போ. நான் சொல்ல மாட்டேன்.

குளிர் காலம் வருகிறது, பையனுக்குக் கம்பளிச் சட்டை போட்டுவிடு. உனக்கு வயதாகும்போது அவன் உன் பக்கம் கை தூக்கட்டும். தினமும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா