வெட்டாதேன்னு சொன்னது நான்தான்

என்னங்க,

சின்னவ எடுத்த படத்தை இன்னைக்குச் சாயங்காலம் அவ காலேஜ்ல போடுறாங்க. நான் முதல் பஸ்ஸுக்கே கிளம்பிட்டேன். வெங்காயம் மொத்தமும் அழுகிப்போனதை நான் கேமரா முன்னாடி சொல்ற இடத்தை வெட்டச் சொல்லி அவளைத் திட்டினீங்களே, வெட்டாதேன்னு சொன்னது நான்தான். "ஊர் முன்னாடி நம்ம மானம் போகுது"ன்னீங்க. மழையில அழுகினது வெங்காயம். மானம் பத்திரமா இருக்கு.

சாப்பாடு மூடி வச்சிருக்கேன். என் மேல உள்ள கோபத்தை வயித்து மேல காட்டாதீங்க. மோட்டார் ரூம் சாவி ஆணியில இருக்கு.

இன்னைக்குக் காலையில பயிர்ச்சேதம் பாக்க அதிகாரி வருவார். போன தடவை மாதிரி, "பரவால்ல சார், சமாளிச்சுக்குவோம்"னு வாசலோட அனுப்பிடாதீங்க. வயலுக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க.

படம் முடிஞ்சதும் கேள்வி கேப்பாங்களாம். மேடையேறி நானே பதில் சொல்லப்போறேன்.

மறந்துட்டேன், கன்னுக்குட்டிக்குத் தண்ணி வைங்க.

இன்னொண்ணு. படத்தோட கடைசியில நீங்களும் வர்றீங்க. அழுகினதை அள்ளிக் கொட்டிட்டு, அதே பாத்தியில மறுபடி நாத்து நடுறீங்க. உங்களுக்குத் தெரியாம எடுத்திருக்கா. அதுவும் மானக்கேடுன்னா நேர்ல வந்து சொல்லுங்க. மதிய பஸ் பிடிச்சா வந்துடலாம். பக்கத்து சீட்டுல யாரையும் உக்கார விடமாட்டேன்.