பின்விளக்குக்குள் ஒரு கண்

அன்பு மகள் நின்கேவுக்கு,

அப்பா எழுதுகிறேன். என் முழங்காலைத் தவிர்த்துப் பார்த்தால் நானும் அம்மாவும் சுகம். நியூசிலாந்தில் நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் கடிதம். இங்கே கடல்காற்று ஓயவே இல்லை, முட்டைக்கோஸ் நன்றாக வந்திருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு ஊதாப் பெயிண்ட் அடித்துவிட்டு இப்போது வருத்தப்படுகிறார்.

சங்கதிக்கு வருகிறேன். சனிக்கிழமை அம்மாவின் பிறந்தநாள். வழக்கம்போல வட்டமாக நாற்காலி போட்டு, வந்தவர்கள் எல்லோரும் எல்லோருக்கும் வாழ்த்துச் சொல்லி, காபியும் கேக்குமாக உட்கார்ந்திருந்தோம். உன் யெல்லே மாமாவுக்கு இரண்டு கிளாஸ் உள்ளே போனால் வாயில் பூட்டு நிற்காதே. "அத்தான், போன வாரம் கடல் தடுப்புக் கரை மேல ஆட்டைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நின்னீங்களே, எங்கக்கா உங்களை அவ்வளவா கொடுமைப்படுத்துது?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அப்புறம்தான் உறைத்தது. அன்று அந்தக் கரையில் ஈ காக்கை இல்லை. இவனுக்கு எப்படித் தெரியும்? அம்மாவைப் பார்த்தேன், அவள் கேக் தட்டைப் பார்த்தாள். சமையலறைக்குக் கூப்பிட்டுக் கேட்டதும் சொல்லிவிட்டாள்.

என் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய சிவப்புச் சைக்கிள் பின்விளக்கை ஊரெல்லாம் காட்டினேன், என் மகள் அனுப்பியது என்று. அதற்குள் நான் போகும் இடத்தைக் காட்டும் கருவி இருக்கிறதாம். அன்று உன் போனில் என் புள்ளி நகரவில்லை என்று நீ அங்கே பதறி, அம்மா இங்கே பதறி, மாமா காரில் தேடி வந்து, தூரத்தில் என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டானாம். கம்பளி நனைந்த ஆடு மல்லாந்து விழுந்தால் தானாக எழாது, விட்டால் செத்துப்போகும், உனக்குத் தெரியாததா? புரட்டிப் போட்டு, கால் திடமாகும்வரை தொடைக்கு நடுவே இடுக்கிப் பிடித்தபடி நின்றேன். அவ்வளவுதான்.

தனியாகச் சைக்கிள் ஓட்டுவதில் என்ன இருக்கிறது என்று சின்ன வயதில் கேட்பாய். எதிர்காற்றில் மிதிக்கும்போது யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம், ராகம் இல்லாமல் பாடலாம், ஆட்டு வேலிக் கதவில் சாய்ந்துகொண்டு ரொட்டியும் சீஸும் தின்னலாம். திரும்பும்போது அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். அந்த நேரத்தில் நான் எங்கே என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது, அதுதானம்மா ருசி. எழுபத்தொரு வயதில் விழுந்தால் யார் பார்ப்பது என்று அம்மா கேட்கிறாள். நியாயம்தான். நீங்கள் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அப்புறம் ஒருவேளை சரி என்றிருப்பேன். கேட்கவில்லையே.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் ஞாயிறுதோறும் போனில் "இன்னிக்கு எங்கப்பா போனீங்க?" என்பாயே, அதற்காகவே வழியெல்லாம் பார்த்ததைச் சேர்த்து வைத்துக்கொண்டு வருவேன். ஆட்டுக் கதையையும் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் உனக்கென்று வைத்திருந்தேன். "அய்யோ அப்பா, அப்புறம்?" என்று புதிதாகக் கேட்பவள் போலச் சிரித்தாய். எல்லாம் தெரிந்துகொண்டே. பெற்ற அப்பனையே நீ ஏமாற்றிவிட்டாய் நின்கே, நெஞ்சு வலிக்கிறது. பயப்படாதே, டாக்டரிடம் போகிற வலி இல்லை.

பழைய விளக்கையே மாட்டிவிட்டேன். உன்னுடையது பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது, காபிக்கு ஆளுக்கு ஒன்று எடுத்ததும் அம்மா மூடிவிடுவாளே, அந்த டப்பாதான். இனி உன் போனில் நான் எப்போதும் பத்திரமாக வீட்டில்தான் இருப்பேன்.

கோபத்திலும் உன்னை வாழ்த்தாமல் இருக்க முடியவில்லை. நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருங்கள், சளிக்குக் கஷாயம் குடி. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய், எங்கே போனீர்கள் என்று கேள். இந்த முறை உனக்கு நிஜமாகவே தெரியாது.

அன்புடன்,
அப்பா ஹெஸ்ஸல்