பேட்டரி இல்லாத டப்பா

ஆவணி, புதன். வெயில். காற்றே இல்லை.

எரிந்தது. இரண்டு நொடி. அணைந்து, மறுபடி எரிந்தது. கடுகளவு பச்சை வெளிச்சம்.

படகுத்துறைத் தூணில் ஒரு குழாய், சுற்றிலும் செப்புக் கம்பி, உள்ளே பழைய ஸ்பீக்கர் காந்தம், கீழே மிதக்கும் கேன். அலை கேனைத் தூக்கும், கேன் காந்தத்தைத் தூக்கும், கரண்ட் வரும். விசைப்படகில் ஏறிக்கொண்டே அப்பா: "பொம்பளக் கடல்ல அலையத் தேடுறியாக்கும்." எங்கள் கடல் அவ்வளவு சாது.

தேடுவேன். கரண்ட் போனால் அம்மா செல்போனை வாயில் கவ்விக்கொண்டு நண்டு பிரிக்கிறாள். துறையில் ஒரு விளக்காவது வேண்டும்.

பிசிக்ஸ் டீச்சரிடம் சொன்னதும் வகுப்பே சிரித்தது. போன வருடம் எலுமிச்சம்பழத்துக்குள் பேட்டரி ஒளித்து விளக்கு எரித்தவள் நான்.

டீச்சர்: "வெள்ளிக்கிழம வாரேன். எரியலன்னா சயின்ஸ் கண்காட்சிக்கு ரஹ்மத் செஞ்ச எரிமலைதான் போகும்."

வியாழன். மேகம்.

கயிறு மாற்ற வேண்டும். கம்பி முனை சுரண்ட வேண்டும். விளக்கை டிபன் டப்பா மூடியில் பொருத்தியாயிற்று. அடியில் பேட்டரி அளவுக்கு இடம் மிச்சம். ஒன்றை வைத்து எம்-சீல் போட்டு அடைத்தேன். என்னவென்று எழுத மாட்டேன். தம்பி இந்த நோட்டைப் படிக்கிறான். (படிக்கிறாய்தானே, குரங்கே.)

வெள்ளி. கடல் லீவு.

தோசைக்கல் மாதிரிக் கிடந்தது. கேன் அசையவில்லை. டீச்சர் வாட்சைப் பார்த்தார்.

ரஹ்மத் என் காதில்: "பையில பேட்டரி இருக்குடி. சொருகவா? எனக்கு அந்த எரிமலையே வேணாம்."

கை அரித்தது, உண்மை. "வேணாம்டி."

அப்போதுதான் பார்த்தேன். விசைப்படகு எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. அவை கிளம்புவது திங்கள், புதன், சனி. இன்று நாட்டுப்படகு முறை. புதன்கிழமை எரிந்தது கடல் அலையால் இல்லை, படகு கிளப்பிய அலையால்.

சொன்னேன்.

"இது புதுக் கதையா எழிலி?"

"நாளைக்கு எட்டு மணிக்கு வாங்க டீச்சர். அதுவரைக்கும் டப்பா ஒங்ககிட்டயே இருக்கட்டும்."

ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துப் பூட்டிக்கொண்டு போனார்.

அலை அலைதான். யார் கிளப்பினால் என்ன.

சனி. வெயில்.

டீச்சரே வயர் மாட்டினார். என்னைத் தொடவிடவில்லை. முதல் படகு தள்ளிப் போனது. ஒன்றுமில்லை. அடுத்தது அப்பா படகு, துறையை ஒட்டியே வந்தது. வேண்டுமென்றேதான். டீச்சர் செருப்பு நனைந்தது.

பச்சை. மறுபடி பச்சை.

படகிலிருந்து ஒருத்தர்: "என்ன டீச்சர், கடல்ல சார்ஜ் போடுறீங்களா?"

டீச்சர் சிரிக்கவில்லை. டப்பாவைக் குலுக்கினார். "உள்ள என்னமோ கெடக்கு."

ஸ்க்ரூடிரைவரால் எம்-சீலை நெம்பினார். விழுந்தது ஒரு சிப்பி, அதைச் சுற்றி என் சீட்டு: "பேட்டரியைத் தேடுவீர்கள் என்று தெரியும், டீச்சர்."

இரண்டு தடவை படித்தார். அடுத்த படகு போனது. அவர் கையில் டப்பா திறந்தபடி இருக்க, விளக்கு எரிந்தது.

கண்காட்சிப் பட்டியலை எடுத்து, பேனா கேட்டார்.