சூளைக் கணக்குக்கு ஒரு நட்சத்திரம்

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே வெயில். கரண்ட் இரண்டு முறை போனது. ஒரு வழியாக, மென்பொருள் நிறுவும் கருவியில் பயனர் கருத்துப் பகுதி இன்று வெளியானது. இனி எதை இறக்கினாலும் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் போடலாம், பக்கத்தில் நாலு வரி எழுதலாம். மூன்று மாத வேலை.

மீதி: கெட்ட வார்த்தை வடிகட்டி. அத்தைக்கு பி.பி. மாத்திரை. கேஸ் புக் பண்ண.

சென்னையிலிருந்து குழுத் தலைவர் பிரவீன் போனில்: "கருத்த நீக்குற அதிகாரம் நம்ம ரெண்டு பேருக்குதான், கலா. திட்டுறாங்கன்னு எதையும் எடுக்கக் கூடாது. நீங்க போட்ட விதிதான்."

நான் போட்டதுதான்.

ஜூன் 10, செவ்வாய்

வரிசையாகக் கருத்துகள். பாதிக்கு மேல் 'சூப்பர்'. செந்திலின் 'சூளைக் கணக்கு' மென்பொருளுக்கு ஒன்றே ஒன்று. ஒரு நட்சத்திரம்.

"கனமான பொம்மைக்கு இதுல சொன்னபடிதான் சூளைய ஆறவிட்டேன். எல்லாம் விரிசல். எழுதினவருக்கு மூணு மெயில் போட்டாச்சு. பதில் இல்ல. பொறுப்பில்லாத ஆளு. - ரோஸ்லின், விருத்தாசலம்."

செந்தில் என் கணவர். பீங்கான் கம்பெனியில் சூப்பர்வைசர். சின்னப் பட்டறைக்காரர்கள் சூளையை எரிக்கவும் ஆறவிடவும் நேரம் கணக்குப் போட, ஞாயிறுதோறும் உட்கார்ந்து எழுதியது அது. அவர் போய் ஐந்து மாதம்.

பொறுப்பில்லாத ஆளு.

'நீக்கு' மேல் விரலை வைத்தேன். அழுத்தாமல் விரலை எடுத்துவிட்டேன். மதியம் சாப்பிடவில்லை. "சோறு அப்படியே கெடக்குதே" என்றார் அத்தை. தலைவலி என்றேன். அவரைப் பெற்றவரிடம் இதை எப்படிப் படித்துக் காட்டுவது?

ஜூன் 11, புதன்

அவர் எழுதிய நிரலை இன்றுதான் திறந்தேன்.

ரோஸ்லின் சொன்னது நிஜம். கனமான சாமான் ஆற 16 மணி நேரம். செந்திலின் நோட்டில் அப்படித்தான் இருக்கிறது. நிரலில் வெறும் 6. முன்னால் வரும் 1-ஐத் தட்டாமல் விட்டிருக்கிறார்.

அவர் கடைசியாகத் திருத்திய நாளைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம். கையில் ஊசியோடு தட்டிக்கொண்டிருந்தார்.

"போதும், மூடுங்க. நர்ஸ் திட்டுறாங்க."

"இரு கலா, ஒரு தடவ சரிபார்த்துக்கிறேன்."

"அப்புறம் பார்க்கலாம். குடுங்க."

சிரித்துக்கொண்டே 'அனுப்பு' பொத்தானை அழுத்திவிட்டு லேப்டாப்பைக் கொடுத்தார். சரிபார்க்க விடாதது நான்.

ஜூன் 12, வியாழன்

இதே ஊர்தான்; செந்திலுக்கு வந்த மெயிலில் முகவரி இருந்தது. ஆட்டோவில் ரோஸ்லின் பட்டறைக்கு. என் வயதுதான் இருக்கும். கையெல்லாம் களிமண். மூலையில் விரிசல் விட்ட யானைகள், இன்னும் கொட்டாமல்.

"நான் செந்திலோட வூட்டுக்காரம்மா. மெயில் போட்டீங்கல்ல, அவருக்கு."

"வாங்க. அவரு வரலியா?"

"ஜனவரில தவறிட்டாரு. கிட்னி."

கையைப் பாவாடையில் துடைத்தபடி நின்றார்.

"தெரியாதுக்கா. கோவத்துல எழுதிட்டேன். இப்பவே அழிச்சிடறேன்."

"வேணாம். யானை ஒடைஞ்சது நெசம்தான?"

"நெசம்தான். ஆனா அவர அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது."

பட்டறைப் பையனை டீ வாங்கி வரச் சொன்னார். குடித்தோம். என்னால் அழ முடியவில்லை. அவர்தான் அழுதார்.

ஜூன் 14, சனி

மேகம். மழை இல்லை. புதிய பதிப்பு வெளியிட்டாயிற்று. மாற்றம்: ஒரே ஒரு எண்.

கருத்தின் கீழ் பதில்: "பிழை எங்களுடையது. திருத்திவிட்டோம். இந்த நிரலை எழுதியவர் காலமாகிவிட்டார். - அவர் மனைவி." காலமாகிவிட்டார் என்ற சொல்லைத் தட்ட அரை மணி நேரம்.

மதியம் ரோஸ்லின் நாலு நட்சத்திரமாக மாற்றியிருந்தார். 'பொறுப்பில்லாத ஆளு' என்பதை மட்டும் எடுத்திருந்தார். யானை, விரிசல், எல்லாம் இருக்கிறது. அதுதான் சரி.

சாயங்காலம் செந்திலின் லேப்டாப்பில் தூசி துடைத்தேன். திறந்ததும் கருவி கேட்டது: 'சூளைக் கணக்கு - புதிய பதிப்பு உள்ளது. பழையதை நீக்கிவிட்டு நிறுவவா?'

'பிறகு' என்பதை அழுத்தினேன்.