வாசிக்காமல் விட்ட வரி

வெள்ளவத்தை
2025 ஓகஸ்ட் 17, ஞாயிறு

அன்புள்ள சஹ்லாவுக்கு,

மெல்பேர்னில் குளிர் இன்னும் விடவில்லை என்று உன் கணவர் இன்ஸாப்பின் ஸ்டேட்டஸில் பார்த்தேன். கைக்குழந்தையோடு நீ படும் பாடு விளங்குகிறது. எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் இருக்கிறோம். கிஷாந்துக்கு முதுகுவலி, ஆனாலும் வேலைக்குப் போய் வருகிறார். எங்கள் பிளாட்டின் லிஃப்ட் மறுபடியும் பழுது. நாலு மாடி ஏறி வந்து, மூச்சு வாங்கி முடித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

'செவிவழி' பக்கத்தில் போன கிழமை நான் போட்ட அறிவித்தலை நீ இன்னும் பார்க்கவில்லை போல. பார்த்திருந்தால் உடனே கோல் எடுத்திருப்பாய். வேறு யாரும் சொல்லி நீ அறிய முன் நானே சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் சொல்கிற விஷயம் இல்லை, அதனால்தான் கடிதம்.

பத்து வருஷத்துக்கு முன் நாங்கள் செவிவழியைத் தொடங்கும்போது என்ன சொன்னோம்? போனில் உள்ள தமிழைக் கண் தெரியாதவர்களுக்கு வாய்விட்டு வாசிக்க வேண்டும், காசில்லாமல் கிடைக்க வேண்டும், புரோகிராம் கோட் முழுவதையும் யாரும் திறந்து பார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்றோம். அந்த மூன்றும் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கின்றன. நான் மறைத்தது அந்தக் கோட் எதையும் இல்லை. அதை எழுத எனக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள் என்பதை.

2023 ஜூனில் பிரதீஸ் என்று ஒரு பெடியன் பேசினான். போனில் மருந்து ஓடர் எடுத்து வீட்டுக்குக் கொண்டு வந்து கொடுக்கும் ஒரு கம்பனியில் மனேஜர். அவர்களுடைய போன் அப்பில் செவிவழி நன்றாக வேலை செய்ய வேண்டும், அதற்காக மாதாமாதம் அனுசரணையாகக் காசு தருகிறோம் என்றான். டியூஷன் வகுப்புகளை விட்டுவிட்டு இதை மட்டும் பார்க்கலாம் என்ற அளவு தொகை. அப் வெளிவரும் வரைக்கும் கம்பனியின் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டான். சரி என்றேன். அப் வெளிவந்தது. பிறகு மறைக்கச் சொல்லி அவன் கேட்கவில்லை, ஆனாலும் நான் சொல்லவில்லை. சொன்னால் பத்துப் பேர் பத்துக் கேள்வி கேட்பார்கள், பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அவ்வளவுதான் காரணம். பெரிய சதி ஒன்றும் இல்லை சஹ்லா.

இந்த ஜனவரியில் அவன் ஒரு மாற்றம் கேட்டான். பக்கங்களின் அடியில் வரும் சின்ன எழுத்துகளையும் வாசித்தால் ஆட்கள் களைத்துப்போய் பாதியிலேயே மூடிவிடுகிறார்கள், அதை வாசிக்காமல் தாண்டிப் போகலாமே என்றான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பாதி பட்டது, மீதியை நானே பட வைத்துக்கொண்டேன். வேகத்துக்காகச் செய்த மாற்றம் என்று குறிப்பு எழுதிப் போட்டேன். கம்பனி கேட்டது என்று எழுதவில்லை. செவிவழி வேகமாகிவிட்டது என்று எத்தனை பேர் நன்றி சொன்னார்கள் தெரியுமா? எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

மர்ஸூக் நானாவை உனக்கு மறக்காது. கொச்சிக்கடையில் கப்பல் கம்பனி ஒன்றின் கண் தெரியாத டெலிபோன் ஒப்பரேட்டர். முதல் பதிப்பை வைத்துக்கொண்டு, நம்முடைய 'ழ' இன்னும் சரியில்லை என்று ஒரு மாதம் முழுக்க நம்மைப் பாடாய்ப் படுத்தியவர். பிரஷர் உள்ள மனிதர், ஜூனில் தடிமனும் மூக்கடைப்பும் வந்திருக்கிறது. யாருடைய உதவியும் இல்லாமல் அந்தக் கம்பனியின் அப்பிலேயே மருந்துக் குளிசை எடுத்திருக்கிறார். பிரஷர் உள்ளவர்கள் டொக்டரைக் கேட்காமல் பாவிக்கக் கூடாது என்று பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. செவிவழி அதைத் தாண்டிப் போய்விட்டது. நாலாம் நாள் ஒபிஸ் படியில் தலை சுற்றி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. பிரஷர் இறங்காமல் ஆஸ்பத்திரியில் ஆறு நாள்.

வீட்டுக்கு வந்த பிறகு மகள் பஹ்மிதா அந்தப் பக்கத்தை வாசித்துப் பார்த்திருக்கிறாள். இதை நீங்கள் கேட்கவில்லையா வாப்பா என்று கேட்டிருக்கிறாள். அவர் செவிவழியில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு எனக்குக் கோல் எடுத்தார். தங்கச்சி, இதில ஏதோ பிழை இருக்கு போல, ஒருக்கா பாருங்களேன் என்றார். ஒரு மணித்தியாலத்தில் அந்த மாற்றத்தை எடுத்துவிட்டேன். யார் கேட்டு இப்படிச் செய்தது என்று விசாரித்தார். நானாகத்தான், வேகத்துக்காக என்று சொன்னேன். அவர் நம்பினார். உடனே திருத்தித் தந்ததுக்கு அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்யட்டும் என்று சொல்லிப் போனை வைத்தார்.

அந்த துஆவை வைத்துக்கொண்டு பன்னிரண்டு நாள் இருந்தேன். சாப்பிட்டேன், வேலை செய்தேன், கிஷாந்தோடு கதைத்தேன். பதின்மூன்றாம் நாள் கொட்டாஞ்சேனைக்கு, நானா வீட்டுக்கு, பஸ் ஏறினேன்.

நானாவின் மனைவி பலீலா தாத்தா பிளேன்டீ கொண்டு வந்து வைத்தார். நானா கைக்கட்டோடு கதிரையில் இருந்தார். முழுவதையும் சொன்னேன். கம்பனியின் பெயர், தொகை, போனில் சொன்ன பொய், எல்லாம். அவர் பிளேன்டீயைத் தள்ளி வைத்தார். பிறகு, எவ்வளவு காலமாக என்று கேட்டார். இரண்டு வருஷத்துக்கு மேல் என்றேன்.

சல்லி வாங்கினது பிழை இல்ல என்றார். நீங்களும் சாப்பிடத்தானே வேணும். ஆனா எனக்கு வாசிச்சுக் காட்டுற ஆளுக்கு யார் சம்பளம் குடுக்கிற எண்டு தெரிஞ்சா, எந்த இடத்தில காதைத் தீட்டிக் கேக்கணும் எண்டு எனக்கு விளங்கும். அதைத்தான் நீங்க எனக்கு வாசிக்கல்ல என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் அழுது முடித்திருப்பேன்.

பலீலா தாத்தா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். இப்படி இன்னும் எத்தனை வீட்டில நடந்திருக்கும்? எனக்குத் தெரியாது. யார் எதைக் கேட்கிறார்கள் என்று நாங்கள் வேவு பார்ப்பதில்லை, அது நமக்குப் பெருமை. அதனால் யாரைத் தேடி எச்சரிப்பது என்றும் தெரியாது. எல்லாருக்கும் தெரியப் போட்டு உடைப்பதைத் தவிர வழி இருக்கவில்லை.

பிரதீஸுக்கு முதலில் சொன்னேன். அக்கா, எங்கட ஒபிசில ஒருத்தரும் இப்படி வருமெண்டு யோசிக்கேல்லை என்றான். பொய் சொல்கிறான் என்று எனக்குத் தோன்றவில்லை. அன்றைக்கே அவர்களும் தங்களுடைய பக்கத்தில் அந்த எச்சரிக்கையைப் பெரிய எழுத்தில் மேலே ஏற்றினார்கள். அனுசரணையையும் நிறுத்தினார்கள். அறிவித்தலில் அவர்கள் தந்த தொகையையும், அவர்கள் கேட்டுச் செய்த ஐந்து மாற்றங்களையும், எது எப்போது என்று எழுதியிருக்கிறேன். கூட வேலை செய்தவர்களில் மூன்று பேர் விலகிவிட்டார்கள். ஒருவர் என்னைக் கள்ளி என்று எழுதினார். அதைத் தாங்கலாம். மட்டக்களப்பிலிருந்து ஒரு டீச்சர், இனி எனக்கு எல்லாம் முழுசா வாசிக்குமா என்று மட்டும் கேட்டிருந்தார். ஓம் என்று எழுதிவிட்டு, என் சொல்லை நம்பாமல் கண் தெரிந்த ஒருவரோடு இருந்து சரிபாருங்கள் என்றும் சேர்த்து எழுதினேன். அதை எழுதுவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது.

இப்போது உன்னுடைய விஷயம். எந்த மாற்றத்துக்கும் நம் இருவருடைய சம்மதமும் வேண்டும் என்று வைத்திருந்தோம். ஜனவரி மாற்றத்துக்கும் நீ சம்மதம் போட்டிருக்கிறாய், நான் அனுப்பி நாலே நிமிஷத்தில். உனக்குக் காசு விஷயம் ஒன்றும் தெரியாது என்று அறிவித்தலில் தெளிவாக எழுதியிருக்கிறேன். அந்த நாலு நிமிஷத்தை நான் எழுதவில்லை. மாற்றங்களின் பதிவைப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும்தான்.

உன்னைக் குறை சொல்லவில்லை. என்னை நம்பித்தானே போட்டாய். ஆனால் 2022இல், கரண்ட் இல்லாத நாட்களில், இதைத் தனியாக இழுக்க ஏலாமல் இருக்கிறது என்று உனக்கு எழுதினேன். நீ ஒரு இதயப் படம் அனுப்பினாய். அதற்குப் பிறகு நான் எழுதவில்லை.

மாற்றங்களுக்குச் சம்மதம் போடும் உன் இடத்தை மர்ஸூக் நானாவுக்குக் கொடுக்க விரும்புகிறேன். உனக்குச் சம்மதமென்றால் ஒரு வரி எழுதிவிடு. அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். யார் என்ன தருகிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்பது முதல் பக்கத்தில் இருக்க வேண்டும், செவிவழியைத் திறந்ததும் அதைத்தான் முதலில் வாசிக்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. மன்னித்துவிட்டார் என்று நினைக்காதே. இப்போது என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவதில்லை. நிருஷா மிஸ் என்கிறார்.

செப்டம்பரிலிருந்து மறுபடியும் டியூஷன். சனி ஞாயிறு இரண்டு வகுப்பு, கிழமை நாளில் மூன்று. செவிவழிக்கு மிஞ்சுகிற நேரம்தான்.

பிள்ளைகளுக்கு என் அன்பு. அல்லாஹ் உன் வீட்டுக்கு ஒரு குறையும் வைக்காமல் இருக்கட்டும். நேரம் கிடைக்கிற ஒரு நாளில் எனக்குக் கோல் எடு. அறிவித்தலைப் பற்றிக் கதைக்க வேண்டாம், கம்பனியைப் பற்றியும் வேண்டாம். நீ எப்படி இருக்கிறாய் நிருஷா என்று கேள். பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். போனை வைத்துவிடாதே.

என்றும் உன்,
நிருஷா