ஜொகூர் பாருவுக்கு இரண்டு டிரைவர்கள்

நவம்பர் 3, திங்கள்

விடியும்போதே மழை. அடுப்படிக் கூரை மறுபடியும் ஒழுகல். வாளி வைத்தாயிற்று. கூரைக்காரர் போனில், "நாளைக்கு வாரேன்லா." போன வாரமும் அதே நாளைதான்.

லகாட்டிலிருந்து ஈப்போ வரை நெரிசல். ஆபீஸ் மேசையில் நேற்றைய நிச்சயதார்த்தப் பலகாரப் பை. முனியாண்டி அண்ணன் மகளுக்கும் மணியம் அண்ணன் மகனுக்கும், சுங்கை சிப்புட் மண்டபத்தில். தை மாதம் கல்யாணம். எங்கள் ஆம்புலன்ஸ் கம்பெனியின் மூத்த டிரைவர்கள் இரண்டு பேரும் இப்போது சம்பந்திகள். ஒரே எஸ்டேட் தோட்டத்தில் பிறந்து, ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கியவர்கள். "டேய்" என்று ஆரம்பித்தால் அதற்குப் பின்னால் வருவதை இங்கே எழுத முடியாது. தூரப் பயணம் என்றால் யோசிக்காமல் இவர்கள் பெயரைத்தான் போடுவேன். ஒருவர் ஓட்ட, மற்றவர் குறட்டை.

மதியம் ஜே.பி.யிலிருந்து (ஜொகூர் பாரு) ஒரு பெண் பேசினாள். தெலுக் இந்தானில் தனியாக இருந்த அம்மாவுக்குப் பக்கவாதம், இப்போது ஈப்போ ஆஸ்பத்திரியில். ஆக்சிஜனோடு தன் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். வியாழக்கிழமை. "எங்கம்மா என்னையப் பாத்தா எந்திரிச்சிரும் அக்கா." போனை வைத்த பிறகும் அந்தக் குரல் காதில்.

கோலாலம்பூர் தாண்டினால் இரண்டு டிரைவர், ஒரு நர்ஸ், மாறி மாறி ஓட்ட வேண்டும். கம்பெனி விதி. நர்ஸ் கோகிலா வருகிறாள். டிரைவர்கள் பழைய ஜோடி. ஒரு நிமிட வேலை.

வாங்க: பூண்டு, சலவைத்தூள், இன்னொரு வாளி.

நவம்பர் 4, செவ்வாய்

ஒரு நிமிட வேலை என்று எழுதிய கையை உடைக்க வேண்டும்.

காலையில் முனியாண்டி அண்ணன். "பரமேசு, ஜே.பி.க்கு நான் போறேன். ஆனா சம்பந்தி கூட போடாதம்மா."

ஏன் என்றேன். "சும்மா லா." சண்டையா? "அய்யய்யோ, வாயக் கழுவு!" போய்விட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் மணியம் அண்ணன். கதவை வேறு சாத்திக்கொண்டார். "முனியாண்டியோட வேணாம்மா. வேற யாருகூட போட்டாலும் போறேன். அவரு தங்கமான மனுசன், அது வேற."

அவரு! இருபது வருடமாக நான் கேட்டது "அவன்", "அந்தப் பய". நிச்சயதார்த்தத்திலிருந்து அவரு.

சீர் விஷயத்தில் மனக்கசப்பா? கல்யாணம் நின்றுவிடுமா? ஒன்றும் புரியவில்லை. ஜன்னல் வழியே பார்த்தால் அதற்கு மேல் குழப்பம். ம. அண்ணன் வண்டி கழுவக் குழாயை எடுக்கிறார். மு. அண்ணன் ஓடி வந்து பிடுங்குகிறார்.

"நீங்க போய் உக்காருங்க சம்பந்தி."

"பரவால்ல, குடுங்க சம்பந்தி."

"நல்லாருக்காது சம்பந்தி!"

விலக்கிவிடப் போனேன். தண்ணீர் முழுக்க என் செருப்பில். சண்டைக்காரர்கள் இப்படியா குழைவார்கள்? இவ்வளவு மரியாதை இருக்கிறவர்களுக்கு ஒரே வண்டியில் ஏற என்ன கேடு?

செருப்பு இன்னும் காயவில்லை.

நவம்பர் 5, புதன்

மழை இல்லை. கூரைக்காரரும் இல்லை.

காலை முழுக்க போன், வேறு டிரைவர் தேடி. குமார் சிங்கப்பூரில் லாரி ஓட்டுகிறான், இனி வர மாட்டான். அஸ்மான் மனைவிக்கு இன்றோ நாளையோ பிரசவம். ராஜுவுக்கு இடுப்புப் பிடிப்பு, டாக்டர் எம்.சி. கொடுத்து லீவு. இன்னொரு ஆம்புலன்ஸ் கம்பெனியில் ஆள் கேட்டேன். அவர்கள் என்னிடம் ஆள் கேட்டார்கள்.

ஜே.பி. பெண் மறுபடியும். அம்மாவுக்குக் கட்டில் வந்துவிட்டதாம், ஜன்னல் பக்கமாகப் போட்டிருக்கிறாளாம். "தேதிய மாத்திராதீங்க அக்கா."

அதற்கு மேல் தள்ளிப்போட எனக்கு மனசு வரவில்லை. இருவர் பெயரையும் போட்டுவிட்டேன். தனித்தனியாகச் சொன்னேன். இருவரும் ஒரே மாதிரி பெருமூச்சு விட்டு, ஒரே மாதிரி "சரிம்மா."

கோகிலா கேட்டாள்: "ரெண்டு பேரும் பேசிக்கிறாங்களா அக்கா?"

"ரொம்ப நல்லா பேசிக்கிறாங்க. அதான் பயமா இருக்கு."

நவம்பர் 6, வியாழன்

காலையில் கிளம்பினார்கள். அந்த அம்மா கண் திறந்திருந்தார், பேச்சு இல்லை. யார் முதலில் ஓட்டுவது என்று வாசலிலேயே ஒரு கூத்து. மு. அண்ணன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதும் முடிந்தது.

தாப்பா தாண்டும்போது போன் போட்டேன். ம. அண்ணன்தான் எடுத்தார். "எல்லாம் ஓக்கே. சம்பந்தி ஓட்டுறாரு."

சிரம்பானில் மறுபடியும். "சம்பந்தி ஓட்டுறாரு."

ஆயர் குரோவில் சாப்பிட நிறுத்தியபோது, "இன்னும் அவரேவா? மாத்துங்கண்ணே!" என்றேன்.

"கேட்டேன்மா. விட மாட்டேங்கிறாரு."

பின்னால் மு. அண்ணன் குரல்: "நான் ஃபிரஷ்ஷா இருக்கேன்னு சொல்லுங்க சம்பந்தி."

குரல் ஃபிரஷ்ஷாக இல்லை. சாவியை மாற்று என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருக்க வேண்டும். "பாத்து போங்கண்ணே" என்று மட்டும் சொன்னேன். நானும் அந்த நிச்சயதார்த்தப் பலகாரம் தின்றவள்தானே, மரியாதை ஒட்டிக்கொண்டது.

அதன் பிறகு யாரும் போன் எடுக்கவில்லை. பாஸ் எட்டிப் பார்த்து, "ஓக்கேயா?" "ஓக்கே." கண் முன்னால் அந்தக் கட்டில், அந்த ஜன்னல், அந்தப் பெண். ஆறிப்போன டீயைக் கொட்டினேன்.

சாயங்காலம் கோகிலா. "சேந்துட்டோம் அக்கா. பேஷண்ட் நல்லா இருக்காங்க. மத்தத வந்து சொல்றேன்."

மத்தது? என்ன மத்தது?

நவம்பர் 7, வெள்ளி

கோகிலா சொன்னது.

சிரம்பானிலேயே மு. அண்ணனுக்குக் கண் சொருக ஆரம்பித்துவிட்டதாம். பையனைப் பெற்றவரை ஓட்ட வைத்துவிட்டு, பெண்ணைக் கொடுக்கிறவர் பக்கத்தில் தூங்குவதா? அதனால் சாவியைத் தரவில்லை. ம. அண்ணனுக்கும் தெரிந்திருக்கிறது. "தூங்குறடா, எறங்கு" என்று சொன்னால் மாப்பிள்ளை வீட்டு அதிகாரம் ஆகிவிடுமே! அதனால் கச்சான் கடலை உரித்துக் கொடுத்தாராம். இருமினாராம். மண்டப வாடகை பற்றிப் பேசினாராம். எல்லாம் செய்தார், அந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

பாகோ தாண்டியதும் வண்டி சாலையோரக் கோட்டில் ஏறித் தடதடவென்று ஆடியது. ஆக்சிஜன் சிலிண்டர் வண்டிச் சுவரில் இடித்தது. அந்த அம்மா கோகிலாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாராம். அசையவே முடியாத கை என்று ஆஸ்பத்திரியில் சொன்ன கை.

கோகிலா கத்தியிருக்கிறாள்: "பின்னால ஒரு உயிரு இருக்குய்யா!"

அப்போதுதான் ம. அண்ணன் வாய் திறந்தது. "டேய் முனியாண்டி! ஓரமா நிறுத்துடா, நாயே! சாவியக் குடுறா!"

மு. அண்ணன் மறுபேச்சு இல்லாமல் இறங்கி, அந்தப் பக்கம் போய் ஏறினாராம். பெல்ட் போட்டதும் குறட்டை.

சிரித்தேன். பிறகு ஆபீஸ் கழிவறையில் போய் அழுதேன். எதற்கு எது என்று தெரியவில்லை.

நவம்பர் 8, சனி

ஜே.பி. பெண் நன்றி சொல்லிப் படம் அனுப்பியிருக்கிறாள். அவள் வீட்டு வாசலில் எங்கள் வண்டி. ஸ்டியரிங்கில் ம. அண்ணன். பக்கத்தில் மு. அண்ணன், வாய் பிளந்து தூக்கம். பாஸ் ஆசையாக ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டார். சுங்கை சிப்புட் முழுக்கப் பார்த்தாயிற்று.

மு. அண்ணன் மனைவி போனில் அழுகை. "மாப்பிள்ளையோட அப்பாவ டிரைவராக்கிட்டு இந்த மனுசன் தூங்கிருக்காரே! எந்த முகத்த வெச்சிக்கிட்டு பொண்ண அனுப்புறது?"

"அக்கா, அவரு டிரைவர்தானே" என்றேன்.

"ஒனக்குப் புரியாதும்மா."

உண்மை. மன்னிப்புக் கேட்க நாளைக்குப் பழத்தட்டோடு மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறார்களாம்.

நவம்பர் 10, திங்கள்

மழை. கூரைக்காரர் வந்துவிட்டார்! பார்த்தார். நாளைக்கு ஏணியோடு வருவாராம்.

நேற்றைய பழத்தட்டைப் பற்றி ஆளுக்கு ஒரு மாதிரி பேச்சு. ம. அண்ணன் மனைவி சரோஜா அக்கா காப்பி கொடுத்தாராம், சிரித்தாராம். ஆனால் தட்டைத் தொடவில்லையாம். அது கோபமா, கை வேலையாக இருந்ததா, யாருக்கும் தெரியவில்லை.

புதன்கிழமை கோத்தா பாருவுக்கு ஒரு பேஷண்ட். கிரிக் மலைப்பாதை, அதற்கும் இரண்டு டிரைவர் விதி. இந்த முறை நான் புத்தியாக இருவரையும் பிரித்துவிட்டேன். மு. அண்ணனை அஸ்மானோடு போட்டேன். (அஸ்மானுக்குப் பெண் குழந்தை.) பத்தே நிமிடத்தில் மு. அண்ணன் என் மேசை முன்னால்.

"என்னைய மணியம்கூடவே போட்டுரு பரமேசு."

"போன வாரம் வேணாம்னீங்களே?"

தலையைச் சொறிந்தார். "வேற யாரு ஓட்டினாலும் எனக்குத் தூக்கம் வராதும்மா."

மாற்றிவிட்டேன். வெளியே சத்தம். "டேய், டயர்ல காத்துப் பாத்தியாடா?" "ஏன், நீ பாத்தா கொறஞ்சிருவியா?" அப்பாடா என்றிருந்தது. அதற்குள் மு. அண்ணன் மனைவி சாப்பாட்டுக் கூடையோடு வாசலில். அவரைப் பார்த்ததும் இருவரும், "வாங்க சம்பந்தி, நனையாதீங்க." "நீங்க மொதல்ல வாங்க சம்பந்தி." தலை சுற்றுகிறது எனக்கு.

இப்போது போன். சரோஜா அக்கா. ஹலோ கூட இல்லை.

"கோத்தா பாருக்கு யாரு ஓட்டுறாங்க?"

ஆயர் குரோ ஞாபகம் வந்தது. இந்த முறை "பாத்துக்கலாங்கா" என்று மழுப்பவில்லை. "ரெண்டு பேரும்தான்கா. ஒருத்தர் ஓட்டுறப்ப ஒருத்தர் தூங்குவாரு. ஒங்க வீட்டுக்காரரு ஓட்டுறப்பவும் ஒங்க சம்பந்தி தூங்குவாரு. அப்பதான்கா எல்லாரும் வீடு வந்து சேருவாங்க."

வைத்துவிட்டாரா, யோசிக்கிறாரா, தெரியவில்லை. இன்னும் போனைக் காதில் பிடித்துக்கொண்டே எழுதுகிறேன்.