பின் சீட்டில் நீ படுத்து வந்த வழி

என் பிரியமுள்ள அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷமாச்சு. யுத்தம் இன்னும் முடியவில்லை. கீரமங்கலத்தில் உன் பூக்கொல்லையை மச்சான்தான் பார்த்துக்கொள்கிறார். உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்று நெஞ்சிலேயே கிடக்கிறது. அதை இன்றைக்காவது எழுதிவிடுகிறேன்.

மொதலாளியின் சீமைக் காருக்கு நானே ரப்பர் கட்டை செய்து மாட்டினேன் அல்லவா? வண்டி பள்ளத்தில் விழும்போது அச்சு எழும்பி அடிச்சட்டத்தில் இடிக்காமல் தாங்குகிற கட்டை அது. பஃபர் என்போம். பழசு வெடித்துப்போச்சு, யுத்தத்தில் புதுசு வர வழியில்லை. லாரி டயரை வெட்டி அடுக்கி, போல்ட்டுப் போட்டு இறுக்கினேன். மொதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார்.

டிரைவர் மாணிக்கம் அண்ணன் மட்டும் கேட்டார்: "தேயாது, சரி தம்பி. அமுங்குமா?"

"மொதலாளியே ஒண்ணும் சொல்லலை. ஒங்களுக்கென்ன?" என்று அவர் வாயை அடைத்தேன். மொதலாளி பள்ளமில்லாத டவுன் ரோட்டைத் தாண்டி அந்தக் காரில் போனதே இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பிறகுதான் நீ கதிரடிக்கிற களத்தில் வழுக்கி விழுந்தாய். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது என்றார்கள். நான் ஓடிப்போய்க் கேட்டதும் மொதலாளி காரைக் கொடுத்தார். பின் சீட்டில் உன்னைப் படுக்க வைத்துவிட்டு, "கவலைப்படாதக்கா, நான் செஞ்ச ரப்பர் இருக்கு, அலுங்காமப் போயிரலாம்" என்றேன். அந்த நேரத்திலும் எனக்குப் பெருமை பெரிதாக இருந்திருக்கிறது, பார்.

முதல் பள்ளத்திலேயே தடால் என்றது. கல்லில் மோதியது போல. நீ சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டாய்.

"வலிக்குதாக்கா?"

"இல்லடா. நல்லாத்தான் இருக்கு. ஒன் வேலைக்கு என்ன கொறச்சல்?"

புதுக்கோட்டை ஆஸ்பத்திரி வரும்வரை அதையேதான் சொன்னாய். உன் கண்ணிலிருந்து நீர் காதுக்குள் வழிந்துகொண்டிருந்தது. மாணிக்கம் அண்ணன் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நாலாம் நாள் நீ போய்விட்டாய். வண்டி குலுங்கியது காரணமில்லை என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். ஆனால் உன் கடைசிப் பிரயாணத்தில் ஒவ்வொரு பள்ளத்திலும் வலித்ததே, அதற்கு யார் காரணம்?

காரியம் முடிந்த மறுநாளே அந்தக் கட்டைகளைக் கழற்றி எறிந்தேன். பழைய டியூப் ரப்பரை அடுக்கி, சூடு காட்டி ஒட்டி, அடி பருத்தும் நுனி சிறுத்தும் வேறு மாதிரி செய்தேன். நுனி முதலில் மெத்தென்று அமுங்கி, அடிப்பகுதி பிறகு பாரத்தை வாங்க வேண்டும். இரண்டு முறை பிளந்துபோனது. மூன்றாவதை மாட்டிவிட்டு, நீ படுத்த இடத்தில் நானே படுத்துக்கொண்டு, அதே ரோட்டில் ஓட்டச் சொன்னேன்.

அந்தப் பள்ளத்தில் வண்டி இறங்கியது, ஏறியது. சத்தமே இல்லை. எனக்குச் சந்தோஷம் வரவில்லை அக்கா, அழுகைதான் வந்தது. மாணிக்கம் அண்ணன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, நான் எழுந்து உட்காரும்வரை வெளியிலேயே நின்றார்.

"இது சீக்கிரம் தேஞ்சிருமே?" என்றார் மொதலாளி, நாங்கள் திரும்பி வந்ததும் கட்டையை அமுக்கிப் பார்த்துவிட்டு.

"தேயும்ங்க. தேயத் தேய மாத்திக் குடுக்குறேன்" என்றேன்.

வலிக்கிறது என்று நீ ஏன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை? நான் பெருமையடித்துக்கொண்டதுதான் உன்னைச் சொல்லவிடவில்லையோ?

இனி என் கை பட்ட எந்த வண்டியையும், பின் சீட்டில் நான் படுத்துப் பார்க்காமல் ஒருவரிடமும் கொடுக்கமாட்டேன். இது சத்தியம்.

உன்னோடு பிறந்த தம்பி,
வேலு